கீறலுக்குத் தனி விலை

பகலவன் சார் கண்ணுக்குத் தப்பிய தூசி இதுவரை எங்கள் ஒரகடம் கம்பெனியில் பிறக்கவில்லை. நாங்கள் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள். அடித்துக் காய்ந்து ட்யூப் லைட் வரிசைக்குக் கீழே வரும் பம்பரை அவர் குனிந்து பார்ப்பார், சாய்ந்து பார்ப்பார், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை பார்ப்பாளே, அந்தப் பார்வை. கடுகில் பாதி அளவுக்கு ஒரு புள்ளி இருந்தால் போதும். மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டு, "ரீவொர்க்" என்று சொல்லிவிட்டு அடுத்த பம்பருக்குப் போய்விடுவார். அந்த வட்டத்துக்குள் இருப்பதைத் தண்ணீர் தொட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று ஆக்குவது என் வேலை. என் பெயர் கிறிஸ்துதாஸ். வீடு பிள்ளைப்பாக்கத்தில். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறேன். தொடங்கிய நாளிலிருந்தே கான்ட்ராக்ட்.

இந்த வருடம் பெயிண்ட் அடிக்க ரோபோ வருகிறது என்றார்கள். வந்தால் கான்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேர் வீட்டுக்கு. யார் இருப்பது, யார் போவது என்பதை முடிவு செய்கிறவர் குவாலிட்டி மேனேஜர் பகலவன் சார். அதனால் அவர் தும்மினால் கூட எங்களில் நான்கு பேர் கைக்குட்டை எடுத்தோம்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அவர் கித்தார் வாங்கினார்.

சாதாரண கித்தார் இல்லை. கரண்டில் வாசிக்கிற கித்தார், அமெரிக்காவிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ வந்தது. ஆபீசர்களுக்கு அவர் போனில் படம் காட்டினார். எங்களுக்குக் கதை மட்டும். பம்பரைச் சோதித்துக்கொண்டே சொல்லுவார்: "தாஸ், அது ஒரு காரோட விலை. உலகத்துல பெரிய பெரிய ஆளுங்க அதத்தான் வாசிக்கிறாங்க. கையில எடுத்தாலே தெரியும். மரம் மூச்சு விடும்யா!"

"நல்லது சார்" என்பேன். மரம் மூச்சு விட்டால் அதற்கும் ஒரு மாஸ்க் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். எங்களுக்கே மாதம் ஒரு மாஸ்க்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் கல்யாண மண்டபத்தில் கம்பெனி குடும்ப விழா. கொரியாக்கார எம்.டி. வருகிறார். பகலவன் சார் மேடையில் வாசிப்பதாக ஏற்பாடு. பக்கத்தில் கூட வாசிக்க ஜெபர்சன். ஜெபர்சன் எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், எனக்கு மருமகன் முறை, எங்கள் சபையில் கித்தார் வாசிப்பவன். அவனுடைய கித்தாரில் ஒரு திருகு உடைந்து அந்த இடத்தில் பற்பசை மூடியை ஒட்டி வைத்திருக்கிறான். கர்த்தர் அதைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை பகலவன் சார் என்னைத் தண்டலத்தில் இருக்கும் அவருடைய ஃப்ளாட்டுக்கு வரச் சொன்னார். அவர் புனாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், திரும்புவது ஞாயிறு மதியம்தான். கறுப்புப் பெட்டி ஒன்றை என் கையில் கொடுத்தார். கைக்குழந்தையைக் கொடுப்பது போலத்தான் கொடுத்தார்.

"இத கம்பெனி ஸ்டோர்ல வெச்சுப் பூட்டு. ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு நீயே எடுத்துட்டு வா. உன் கை பதமான கைன்னுதான் உன்கிட்ட குடுக்கறேன். ஒரு கீறல் விழுந்துச்சு, அடுத்த மாசம் நீ வேற கம்பெனி பாத்துக்கலாம்."

ஒரு கீறல். அந்த வார்த்தையை அவர்தான் சொன்னார். அதை மறந்துவிடாதீர்கள்.

கம்பெனி வேனில் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தேன். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் ஒரு வேகத்தடை. நேற்று வரை இல்லாதது. வேன் தூக்கிப் போட்டதில் பெட்டி கீழே விழுந்தது. என் உயிரும் அதோடு விழுந்தது. கம்பெனிக்கு வந்ததும் டச்சப் அறைக்கு ஓடினேன். அங்கே மாரிசெல்வம் இருப்பான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், தப்பிப்போன இடத்துக்கு மட்டும் துப்பாக்கியால் பெயிண்ட் அடிப்பதில் அவனைப் போல் ஆள் கிடையாது. இரண்டு பேருமாகப் பெட்டியைத் திறந்தோம்.

உள்ளே கிடந்தது கித்தாரா, விபத்துக் கேஸா என்று தெரியவில்லை. நீலப் பெயிண்ட் பாதிக்கு மேல் உரிந்து மரம் தெரிந்தது. கை படும் இடம் முழுக்கத் தேய்ந்து அழுக்கு. ஓரமெல்லாம் கொத்திப் போட்டது போல் பள்ளம். திருகாணிகள் துரு. முதுகுப் பக்கம் எவனோ தெருவில் இழுத்து வந்தது போல் கோடு கோடாகக் கீறல்.

"யே அண்ணாச்சி" என்றான் மாரி. "என்னத்துல போட்டு உருட்டுனீய?"

"சீட்ல இருந்து கீழதான்டா வுழுந்துச்சு."

"சீட்டுலேர்ந்து விழுந்தா துரு பிடிக்குமா? இது முன்னாடியே இப்படித்தான் இருந்திருக்கு. ஆனா நீங்க சொன்னா அவுக நம்புவாகளா? பெட்டி யாரு கையில இருந்துச்சுன்னுதான கேப்பாக."

ஜெபர்சனைக் கூப்பிட்டோம். வந்து பார்த்தவன் வாயில் கை வைத்துக்கொண்டான்.

"மாமா, சாரை நல்லா ஏமாத்திக்கீறானுங்க. இது செகண்ட் ஹேண்ட் கூட கெடையாது. எவனோ பொண்டாட்டிகிட்ட அடி வாங்குறப்ப இதால தடுத்துக்கீறான்."

போன் போட்டேன். சார் விமானத்தில் இருந்தார். போன் எடுக்கவில்லை. அது நல்லதுதான் என்று பிறகு தோன்றியது. எடுத்தால் என்ன சொல்வது? சார், காரின் விலை கொடுத்து நீங்கள் வாங்கிய கித்தார் பழைய இரும்புக் கடைக்காரன் கூட எடுக்காத நிலையில் இருக்கிறது, ஆனால் நான் செய்யவில்லை என்றா? ரோபோ வரப்போகும் மாதத்தில் ஒரு கான்ட்ராக்ட் ஆள் இதைச் சொன்னால் அடுத்த வரி என்ன என்று எனக்குத் தெரியும்.

மாரி கித்தாரைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பகலவன் சார் பார்ப்பது போலவே ஒரு கண்ணை மூடினான். பிறகு சொன்னான்: "ரீவொர்க்."

அதோடு முடிவாகிவிட்டது. பம்பர் என்றால் என்ன, மரம் என்றால் என்ன, கெட்டுப்போனதைச் சரிசெய்வது எங்கள் கைக்குத் தெரியும். ஜெபர்சன் ஒவ்வொன்றுக்கும் போனில் படம் எடுத்துக்கொண்டே கம்பிகளைக் கழற்றினான், கழுத்தைக் கழற்றினான், ஒயர்களைக் கழற்றினான். சூப்பர்வைசர் சாம்ராஜ் வந்து, "இன்னாடா பண்ணிகினு கீறீங்க?" என்று கத்தினார். "பகலவன் சாரோடது" என்றோம். "சாரோடதா? அப்ப மொதல்ல அத போடு. பம்பர் நிக்கட்டும்" என்று சொல்லி எங்களுக்கு ஒரு விளக்கு கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

பழைய பெயிண்டை நான் முழுக்கத் தேய்த்து எடுத்தேன். பள்ளங்களைப் பட்டி போட்டு அடைத்து, மேலே பிரைமர் அடித்தோம். பண்டிகைக் காலத்துக்கென்று காருக்கு வந்திருந்த புது நீலம் இருந்தது; வெயிலில் பார்த்தால் மீன் செதில் மாதிரி மின்னும். மாரி அதை அடித்தான். அதன் மேல் கண்ணாடிப் பூச்சு. விளக்கில் காயவைத்து, மறுபடி தேய்த்து, பாலிஷ் போட்டு, சனிக்கிழமை மாலையில் பார்த்தபோது அதில் என் முகம் தெரிந்தது. என் முகம்தான் பழசாக இருந்தது. துருப்பிடித்த திருகாணிகளையும் தேய்த்து வெள்ளி போல் ஆக்கினோம்.

ஜெபர்சன் எல்லாவற்றையும் பூட்டி, பழைய கம்பிகளையே மாட்டி, கேன்டீன் ஸ்பீக்கரில் போட்டு வாசித்துப் பார்த்தான்.

"எப்படிடா கீது?" என்றேன். "கார் வெலைக்குத் தகுந்த சத்தமா?"

"நல்ல சாமான்தான் மாமா. கழுத்து நேரா கீது, விரல் வழுக்கினு போவுது, சுருதி எறங்கவே இல்ல. என்னுது பாதி பாட்டுல எறங்கிடும், மீதி பாட்டை நான் விசுவாசத்துல வாசிப்பேன். அதுக்குக் கொஞ்சம் கூடவே குடுக்கலாம். ஆனா ஒரு கார் வெலைக்கு?" கொஞ்சம் யோசித்தான். "கார்னா ஏசியாவது வரும்."

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். கூடவே என் மனைவி அந்தோணிமேரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு. விமானம் தாமதமாம், பகலவன் சார் நேராக மேடைக்கே வந்தார். பெட்டியை வாங்கினார். எம்.டி. முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, மைக்கில் கித்தாரின் பெருமையை இங்கிலீஷில் ரொம்ப நேரம் சொன்னார். பிறகு பெட்டியைத் திறந்தார்.

நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் அழுதாலும் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழுகிற மாதிரிதான் வந்தது. ஆனால் சந்தோஷத்தில் இல்லை.

மேடை விளக்கு பட்டதும் நீலம் பளீரென்று அடித்தது. மண்டபம் முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம். எம்.டி. எழுந்து மேடைக்கே ஏறிவிட்டார். கித்தாரை வாங்கினார், விளக்குக்கு நேரே சாய்த்தார், ஒரு கண்ணை மூடினார், கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். அவரும் ஒரு காலத்தில் பெயிண்ட் லைனில் நின்றவராம். "வெரி குட். நோ டஸ்ட்" என்றார். கை தட்டினார். எம்.டி. தட்டினால் கம்பெனியே தட்டும். தட்டியது.

"தேங்க் யூ சார்" என்றார் பகலவன் சார். வேறு என்ன சொல்வார்?

வாசித்தார். இரண்டு இடத்தில் விரல் தப்பியது. ஜெபர்சன் பற்பசை மூடிக் கித்தாரால் அந்த இரண்டு இடத்தையும் மூடினான். விரல் தப்பியது பெயிண்டின் குற்றம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

பாட்டு முடிந்ததும் என்னையும் மாரியையும் ஜெபர்சனையும் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். எம்.டி. பாராட்டிவிட்டதால் கத்த முடியவில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"யாருய்யா உங்கள பெயிண்ட் அடிக்கச் சொன்னது?"

"சார், கீறலா இருந்துச்சு சார்" என்றேன்.

"அந்தக் கீறலுக்குத்தான்யா காசு குடுத்தேன்!"

எங்களுக்குப் புரியவில்லை. அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அது புது கித்தார். புதுசா செஞ்சு, அப்புறம் பழசா ஆக்குவாங்க. அம்பது வருஷம் ஒருத்தன் மேடை மேடையா வாசிச்சா எப்படி இருக்குமோ, அப்படி. அமெரிக்காவுல அதுக்குன்னே ஆள் இருக்கான். ஒவ்வொரு கீறலையும் கையாலயே போடுவான். கீறல் இல்லாதது பாதி விலைதான். கீறலுக்குத் தனி விலை."

மாரி என்னைப் பார்த்தான். நான் கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் வாயில் வந்துவிட்டது.

"அந்தக் கீறுறவரு பெர்மனென்டா சார், கான்ட்ராக்டா?"

நல்லவேளை, அவர் காதில் வாங்கவில்லை. "பெயிண்ட் மெல்லிசா இருந்தாத்தான் மரம் மூச்சு விடும். நீங்க பம்பருக்கு அடிக்கிறத அடிச்சு மூச்சை அடைச்சிட்டீங்க. சத்தம் செத்துப்போச்சு, அதான் விரலும் தப்புச்சு. மேடையில கேட்டியா? செத்தே போச்சு."

"சார், அதே கம்பி, அதே ஒயர் சார். நான்தான் மாட்டினேன்" என்றான் ஜெபர்சன்.

"உனக்கு காது இருந்தா தெரியும்" என்றார். ஜெபர்சன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "ஒரு வாரம் டைம். பழையபடி இருக்கணும். போட்டோ அனுப்பறேன். எந்தக் கீறல் எங்க இருந்துச்சோ அங்க இருக்கணும். இல்லன்னா மூணு பேரும் அடுத்த மாசம் கேட்டுக்குள்ள வராதீங்க."

கித்தாரை என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கம்பெனியில் வைத்துக் கீறினால் சாம்ராஜுக்கு மாரடைப்பு வரும். இத்தனை வருடம் கீறலை எடுத்தே பிழைத்தவன் நான். முதல் கீறலைப் போடச் சாவியை எடுத்தேன். கை வரவில்லை. மீன் செதில் நீலம் என்னையே பார்த்தது.

அந்தோணிமேரி துணி உலர்த்திக்கொண்டே எங்களைப் பார்த்தாள். "இன்னாய்யா, நல்லாத்தானே கீது? அத ஏன் கொல பண்ற?"

சொன்னேன். கையில் இருந்த துணியைக் கொடியில் போட்டாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். தண்ணீரிலும் உப்புத்தாளிலும் வெடித்துப் போன கை. "கீறல் கீதுன்னா வெல ஏறுமாமே. இத கொண்டு போய் காட்டுயா. உன்னை மேனேஜர் ஆக்கிடுவானுங்க. அப்படியே என் குதிகாலையும் ஒரு போட்டோ எட்து அனுப்பு."

அதற்குப் பிறகு கை வந்துவிட்டது.

சாவியால் கோடு இழுத்தோம். சைக்கிள் செயினால் அடித்தோம். கை படும் இடத்தை உப்புத்தாளால் மரம் தெரியும் வரை தேய்த்து, பழைய துணியால் அழுக்கு ஏற்றி, மீதி நீலத்தின் மினுக்கத்தையும் மங்கவைத்தோம். திருகாணிகளை அந்தோணிமேரியின் டிபன் பாக்ஸில் உப்பும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி ஊறப்போட்டோம், துரு பிடித்தது. டிபன் பாக்ஸும் பிடித்தது. மாரி போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து, "அண்ணாச்சி, இடது ஓரத்துல புளியங்கா மாதிரி ஒண்ணு வளையுது பாருங்க, அத விட்டுட்டீய" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கம்பெனியில் கீறல் விழுந்தால் திட்டுகிறவன், கீறல் விட்டுப்போனதற்குத் திட்டினான்.

கடைசியில் எல்லாம் முடிந்து எடுத்து வைக்கும்போது கித்தார் மாரியின் கையிலிருந்து நழுவித் துணி துவைக்கும் கல்லில் விழுந்தது. கீழ் மூலையில் ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. போட்டோவில் இல்லாத அடி. மறுபடி பட்டி போட நாள் இல்லை. மாரி அழுதுவிட்டான். "எனக்காண்டி நீங்களும் போயிருவீயளே அண்ணாச்சி" என்றான்.

தண்டலம் ஃப்ளாட்டில் பகலவன் சார் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். ஒவ்வொரு கீறலையும் போட்டோவோடு ஒத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில், "இது கொஞ்சம் செயற்கையா இருக்கு" என்றார். கீழ் மூலைக்கு வந்தார். மாரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"இது போட்டோல இல்லியே" என்றார். விரலால் தடவினார். "ஆனா இத பாரு, இதுதான்யா அசல் மாதிரி இருக்கு. அமெரிக்காக்காரன் கூட இப்படிப் போட மாட்டான். யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றான் மாரி, என் சட்டையை விடாமலே.

பிறகு ஸ்பீக்கரில் ஒயரைச் சொருகி ஒரு கம்பியை மீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் கூடத்தில் சுற்றி வந்து அடங்கியது.

"இப்பதான் மரம் மூச்சு விடுது" என்றார்.

எனக்கு அதே சத்தமாகத்தான் கேட்டது. ஜெபர்சனைப் பார்த்தேன். அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். படியிறங்கி வரும்போது சொன்னான்: "மாமா, நாம அடிச்ச பட்டியும் பிரைமரும் உரிக்காத எடத்துல எல்லாம் உள்ள அப்படியே கீது. மேலாலதான் கீறிக்கீறோம். அது எதால மூச்சு வுடுதுன்னு எனக்கு புரியல."

"உனக்கு காது இல்லடா" என்றேன்.

மறுநாள் லைனில் பகலவன் சார் ஒரு பம்பரை நிறுத்தினார். நான் எவ்வளவு தேடியும் எனக்குத் தெரியாத ஒரு மயிரிழைக் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டார். "ரீவொர்க்" என்றார். சார், அது அம்பது வருஷம் ரோட்டில் ஓடிய மாதிரி செய்தது என்று வாய் வரை வந்தது. தண்ணீரைத் தொட்டுத் தேய்க்கத் தொடங்கினேன்.

அத்தோடு கதை முடிந்தது என்றுதான் இருந்தேன். ஆனால் மாதக் கடைசியில் அவர் லைனுக்கு வந்து, பம்பர் எதையும் பார்க்காமல், என் பக்கத்தில் நின்றார். இப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை.

"தாஸ், அந்த நீலம் மீதி இருக்கா?"

"இருக்கு சார். ஏன் சார்?"

"கொரியாவுலேர்ந்து பெரியவங்க வர்றாங்க. எம்.டி. அந்த நீல கித்தாரக் காட்டணும்ங்கறார். நம்ம பெயிண்ட் மரத்துல கூட எப்படி நிக்குது பாருங்கன்னு சொல்லப்போறாராம். கீறிட்டோம்னு அவர்கிட்ட எப்படிய்யா சொல்றது?" சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னும் மெதுவாகச் சொன்னார்: "அவங்க போனதும் மறுபடி கீறிடலாம். அந்த மூலை அடி மட்டும் மறக்காம அப்படியே வரணும்."

"மாரியும் வேணும் சார். மூலை அடி அவன் கைக்குத்தான் வரும். பூட்டுறதுக்கு ஜெபர்சன்."

"சரி, சரி. மூணு பேரும் இருங்க."

ரோபோ வந்துவிட்டது. சொன்னபடி பாதிப் பேர் போய்விட்டார்கள், அதில் என்னைவிட நன்றாகத் தேய்க்கிறவர்களும் உண்டு. நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். விருந்தாளி வந்தால் அடிக்கிறோம், போனால் கீறுகிறோம். பளபளப்பாக இருக்கும்போது கித்தாருக்கு மூச்சு முட்டுகிறது, கீறினதும் மூச்சு வருகிறது. அதன் சார்பில் பகலவன் சார் எங்களுக்குத் தெரிவிக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அந்த மனிதர் மாதிரி இப்போது எனக்கும் கிட்டத்தட்ட நிரந்தர வேலை.

ரோபோவும் நன்றாகத்தான் அடிக்கிறது. ஒரு தூசி கிடையாது. ஆனால் அதற்குக் கீறத் தெரியாது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.